யாருக்கும் ஆகாததைச் சாப்பிடுகிறவர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நான்கு தட்டுகள். மேல்தட்டு என் அக்காவுடையது. அதில் பால் சம்பந்தப்பட்ட எதுவும் இருக்காது. அடுத்தது அவளுடைய பெண்ணுடையது. அதில் கோதுமையின் வாசனைகூட இருக்காது. மூன்றாவது பையனுடையது, முட்டையும் நிலக்கடலையும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான்காவது, எல்லாவற்றுக்கும் கீழே, காய்கறிப் பெட்டிக்கு மேலே இருப்பது என் அத்தானுடையது. அதில் என்ன இருக்கும் என்று கேட்டால், மேலே உள்ள மூன்று தட்டுகளிலும் இருக்கக் கூடாதது எல்லாம் இருக்கும்.

அத்தான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பழைய வெள்ளைக் கார், கூரைமேல் பெயர்ப்பலகை. ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் மூன்று மிதிகள், பக்கத்து இருக்கையில் அத்தானின் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக். லைசென்ஸ் வாங்கின நாளிலிருந்து அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர். யார் என்ன தப்புப் பண்ணினாலும் குரலை உயர்த்த மாட்டார். "பரவால்ல, கியர் பெட்டிதான் உடையும், நாம உடைய மாட்டோம்" என்பார். அக்கா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வெள்ளைத் துணி மூட்டைகள் வருவதற்கு முன்னால் அவள் அங்கே இருக்க வேண்டும் என்பதால், காலையிலும் சரி மாலையிலும் சரி, சமையல் அத்தான் பொறுப்பு.

நான் அக்காவின் தங்கை. மாடியில் ஒற்றை அறை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாப்பாடு கீழே அவர்களோடு. எனக்கு ஆகாதது என்று எதுவும் இல்லை. கத்திரிக்காய் பிடிக்காது, இனிப்பு இரண்டாவது துண்டுக்கு மேல் இறங்காது, அவ்வளவுதான்.

"பிடிக்காதது வேற, ஆகாதது வேற" என்பார் அத்தான். "பிடிக்காததுக்கெல்லாம் இந்த வீட்ல தட்டு கிடையாது மச்சினி."

எங்கள் வீட்டின் கஷ்டம் என்னவென்றால், கடையில் எது மலிவோ அது எங்களில் யாருக்காவது ஆகாது. பிரெட் மலிவு, நூடுல்ஸ் மலிவு, முட்டை மலிவு. பிள்ளைகளில் பெரியவளான பெண்ணுக்கு வாங்குகிற கோதுமை கலக்காத மாவு மட்டும், தங்கத்தை இடித்து மாவாக்கினார்களோ என்று நினைக்கிற விலையில் விற்கும். பாக்கெட்டோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் கையைக் கடிக்காமல் வீட்டை நடத்தியது அத்தானின் சாமர்த்தியம்தான். அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை, அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் இல்லை.

ஒரே பானை என்பது அவருடைய முறை. சோறும் பருப்பும், கடை கட்டுகிற நேரத்தில் சந்தையில் மலிவாக அள்ளிவந்த காயும். அதில் பால் கிடையாது, கோதுமை கிடையாது, முட்டை கிடையாது, கடலை கிடையாது. எல்லோரும் பயமில்லாமல் சாப்பிடலாம். அதற்கு மேல் அவரவர் தட்டில் அவரவருக்கு ஆகிற ஒன்று விழும்: அக்காவுக்கு முட்டை, பெரியவளுக்கு வறுத்த கடலையும் சோளமாவும் அந்தத் தங்கமாவும் கலந்து தட்டிச் சுட்ட ரொட்டியும், சின்னவனுக்கு ஒரு டம்ளர் பால். பானை எல்லோருக்கும் போதாது என்று தெரிந்த நாளில், அதாவது பெரும்பாலான நாட்களில், அத்தான் தன் பங்குச் சோற்றில் பாதியை விட்டுவிட்டு முந்தின நாள் பிரெட்டால் வயிற்றை நிரப்பிக்கொள்வார். தெருமுனை பேக்கரியில் முந்தின நாள் பிரெட் பாதி விலை. அதில் பாலும் முட்டையும் கோதுமையும் சேர்ந்தே இருப்பதால் அக்காவோ பிள்ளைகளோ தொட முடியாது.

இது தவிரத் தானாக வந்து சேர்கிற சாமான்கள் உண்டு. பிள்ளைகள் சிநேகிதர்களின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு, சாப்பிடாமல் பத்திரமாக எடுத்துவருகிற கேக் துண்டுகள். பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகு கோதுமை கலந்தது என்று தெரிந்த சூப் பொடி. எல்லாவற்றுக்கும் மேலாக, டெஸ்டில் பாஸாகி லைசென்ஸ் வாங்கினவர்கள் மாஸ்டருக்குக் கொண்டுவருகிற கேக் பெட்டிகள். அந்த டிரைவிங் ஸ்கூலில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அத்தான் நல்ல மாஸ்டர் என்பதால் நிறையப் பேர் பாஸானார்கள், நிறையப் பெட்டிகள் வந்தன. கேக்கில் கோதுமை, பால், முட்டை மூன்றும் உண்டு. எங்கள் வீட்டில் கேக் என்பது அத்தான் பெயருக்கு எழுதிவைத்த சொத்து மாதிரி.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்துவது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரின் வாயை டாக்டரே கட்டிவிட்டார், மாடியில் இருக்கிற என்னைச் சேர்க்காமல் மிச்சமிருந்த ஒரே ஒரு வயிற்றின் மேல்தான் குடும்பம் ஓடியது.

அந்த வயிற்றில் அத்தானுக்கு அப்படி ஒரு பெருமை. "கல்லைக் குடுங்க, கரைச்சுக் காட்றேன்" என்பார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு எப்போது வயிறு சரியில்லாமல் போனாலும், "உங்க வம்சத்து வயிறு" என்று அக்காவைப் பார்த்துச் சொல்வார். அக்காவுக்குப் பால் ஆகாது என்பதால் அவளால் வாய் திறக்க முடியாது. நான் பக்கத்தில் இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்வார். "இதோ இன்னொரு வம்சம் மாடியிலேருந்து இறங்கி வருது." எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவளுக்கு வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த அன்று அப்பாவும் அம்மாவும்கூடப் பரிசோதனை பண்ணிக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அக்கா பண்ணிக்கொண்டாள். அத்தான், "எனக்கா?" என்று சிரித்துவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார்.

போன வருஷக் கடைசியில் அந்தக் கல் கரைக்கிற வயிறு தகராறு பண்ண ஆரம்பித்தது.

முதலில் எங்களுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. கார் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே அத்தான் கண்ணை மூடிக்கொண்டு "ஸ்ஸ்" என்பார். ஓட்டுகிறவர் தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து பிரேக்கில் ஏறி நிற்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க" என்று அத்தான் சொல்வதற்குள் அந்த ஆள் எஞ்சினையே அணைத்திருப்பார். ஒரு பெண், "சார் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு எந்தப் பக்கம் இண்டிகேட்டர்னு மறந்துபோகுது" என்று ஆபீஸில் புகார் சொன்னாள். இன்னொருவர் கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

வலி வந்தால் ஒரே மாதிரியாக வராது. சில நாள் உப்புசம், சில நாள் முறுக்கு, சில நாள் நடுரோட்டில் காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு எதிரில் இருக்கிற ஓட்டலுக்குள் கழிப்பறையைத் தேடி ஓடுவது. ஆள் இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு, "பழசு தளர்ந்துபோச்சு" என்று பெல்ட்மேல் பழியைப் போட்டார்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். டிரைவிங் ஸ்கூல் முதலாளி காரின் புகை என்றார். மருந்துக்கடைக்காரர் வாயு என்றார். அக்கா, நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் காரணம் என்றாள். நான், வயசு என்றேன். அத்தானுக்கு எல்லாமே சரியாகவும் பட்டது, எதுவுமே சரியாகவும் படவில்லை. அவர் கவனித்தது ஒன்றே ஒன்று: டெஸ்ட் நாள் வந்தால் வலி கூடியது.

"பயம் போலிருக்கு" என்று என்னிடம் சொன்னார். "இத்தன வருஷமா இல்லாத பயம். பசங்க பாஸாகணுமேன்னு எனக்குத் தெரியாமலே வயித்தைக் கலக்குது போல."

"பாஸானதுக்கப்புறம்தானே அத்தான் வலிக்குது உங்களுக்கு" என்றேன். "பாஸானப்புறம் என்ன பயம்?"

"அதான் எனக்கும் புரியல." ஒரு பெரிய கேக் துண்டை விண்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவர் எங்கள் வீட்டு வழக்கப்படி இறங்கினார். ஆகாதது எது என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஒரே வழிதான்: ஒன்றை நிறுத்து, பார், இன்னொன்றை நிறுத்து, பார். வெங்காயத்தை நிறுத்தினார். வலி அதிகமானது. உருளைக்கிழங்கை நிறுத்தினார், மாற்றமில்லை. பீன்ஸை நிறுத்தினார். அந்த வாரம் ஆச்சரியமாக வலி பாதியாகக் குறைந்தது. அத்தான் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பீன்ஸின் துரோகத்தைப் பற்றிப் பேசினார். லைசென்ஸ் ஆபீஸில் வெள்ளையடிக்கிற வேலை நடந்து அந்த வாரம் டெஸ்டே கிடையாது, ஒரு கேக் பெட்டியும் வீட்டுக்கு வரவில்லை என்பது எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை. அடுத்த வாரம் பீன்ஸ் தொடாமலேயே வலி திரும்பி வந்தது. வேண்டுமென்றே ஒரு கிண்ணம் பீன்ஸ் சாப்பிட்டுப் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டார்.

இங்கேதான் அவர் எங்கள் வீட்டு ஆள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறதை விட்டுவிட்டு, புதிதாக வாயில் போனது என்ன என்று யோசித்தார். பெரியவளின் மாவு நினைவுக்கு வந்தது. கடைக்காரர் கொஞ்ச நாள் முன்னால்தான் பழைய கம்பெனி மாவுக்குப் பதில் வேறு கம்பெனி மாவைக் கொடுத்திருந்தார். சுடும்போது அத்தான் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது உண்டு.

"இதாம்மா" என்று அக்காவிடம் மாவுப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. "கல்லைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாத என்னையே இந்தப் பாடு படுத்துதுன்னா, அவள என்ன பண்ணிட்டிருக்கோ."

"அவ நல்லாத்தானே இருக்கா" என்றாள் அக்கா.

"வெளிய தெரியாதும்மா. அவதான் எதையும் சொல்ல மாட்டாளே."

அவ்வளவுதான். அந்த மாவு வீட்டை விட்டுப் போனது. நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய கடையிலிருந்து, அதைவிட இரண்டு மடங்கு விலையில் வேறொரு மாவு வந்தது. அதற்கு ஈடு கட்ட வேண்டுமே. காய் குறைந்தது, எண்ணெய் குறைந்தது, அக்காவின் முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. அத்தான் பானைச் சோற்றையே விட்டுவிட்டார். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் முந்தின நாள் பிரெட்.

"இது ஒண்ணுதான் என்னை ஏமாத்தாது" என்று டீயில் முக்கிச் சாப்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். டாக்டரிடம் போங்கள் என்று சொன்னால், "இருக்கிற மூணு பேருக்குப் பாக்கிறதே போதும். நாலாவதா நானும் போய் நின்னா வீடு என்னாகும்" என்பார். அக்கா துணி மடிக்கிற கையோடு அவர் சட்டை தோளிலிருந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்கு முதல்முறையாகப் பயம் வந்ததும் அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் மதியம் பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு ரவுண்டானாவில் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அழகாகத் திரும்பிக்கொண்டிருந்தாராம். வலி அத்தானை இரண்டாக மடித்துவிட்டது. மடிந்த வேகத்தில் கால் நீண்டு அவர் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டது. கார் ரவுண்டானா நடுவில் அப்படியே நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. யாருக்கும் அடியில்லை, பம்பர் மட்டும் நெளிந்தது. டீச்சர் இறங்கி வேன்காரரிடம், "நான் சரியாத்தான் வந்தேன், சார்தான் பிரேக் போட்டார்" என்று சொன்னார். அது உண்மைதான். தான் பிரேக் போட்டதே அத்தானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் கார் அவருடையது. "மாஸ்டர், உங்களுக்கு என்னன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். சரியாயிடும்னும் எழுதட்டும். அதுவரைக்கும் காரைத் தொடாதீங்க. நாளைக்கு யாராவது செத்தா நான் என்ன பதில் சொல்வேன்" என்றார்.

கார் இல்லையென்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் பானையும் இல்லை, மாவும் இல்லை, சின்னவன் டம்ளரில் பாலும் இல்லை. அக்காவால் அன்று வேலையிலிருந்து வர முடியாததால், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு நான்தான் அத்தானை அழைத்துக்கொண்டு போனேன். ஊழியர் குடும்பத்துக்கு அங்கே கட்டணம் குறைவு.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது வயித்துல பிரச்சினை இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு" என்றார் அத்தான். "என்னைத் தவிர."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய தொங்குகிற சட்டையையும் வற்றிய கன்னத்தையும் பார்த்தார். யாருக்கு என்ன என்று கேட்டார். பெரியவளுக்குக் கோதுமை என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? நான் எல்லாம் சாப்பிடுவேனே. இப்ப மூணு வேளையும் பிரெட்தான் சாப்பிடுறேன். அதான் ஒத்துக்குது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். அதன் பிறகு ஒரு நாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்றும் நான்தான் கூடப் போயிருந்தேன். கோதுமைதான் என்றார் டாக்டர். பெண்ணுக்கு இருக்கிற அதே வியாதி. குடலின் உட்புறம் தேய்ந்துபோயிருக்கிறது, சாப்பிடுகிற எதையும் உறிஞ்சவில்லை. கோதுமையை அடியோடு நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும், வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கலாம், எல்லாம் செய்யலாம். ஒரு துண்டு, ஒரு துணுக்கு, விரலில் ஒட்டினதை நக்குவதுகூட இனி கூடாது.

அத்தானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவகிட்டேருந்து எனக்கு ஒட்டிக்கிச்சா டாக்டர்?"

"இது ஒட்டுற வியாதி இல்லைங்க. ரத்த வழியா வர்றது. உங்ககிட்டேருந்துதான் அவங்களுக்குப் போயிருக்கணும்."

எட்டு வருஷமாக அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி என் நாக்கு நுனியில் பதில் தயாராக வந்து நின்றது. உங்க வம்சத்து வயிறு, அத்தான். ஆஸ்பத்திரி வாசலில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வாசலில் அவர் என்னைப் பார்த்து, "அப்ப அந்த மாவு நல்ல மாவா மச்சினி? அதைப் போய்த் தூக்கிக் குடுத்துட்டேனே" என்றார். பஸ்ஸில் சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். பஸ்ஸில், "பீன்ஸ் ஒண்ணும் பண்ணலியா அப்ப?" என்று கேட்டார். குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வெங்காயம் தப்பில்லையா, டெஸ்ட் நாளில் வந்தது பயமில்லையா, கேக்குதானா. நான் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலாளி டாக்டர் எழுதிக்கொடுத்ததை இரண்டு முறை படித்தார். "கோதுமையா?" என்றார். மூன்றாம் முறை படித்தார். சரியாகிற வரைக்கும் ஆபீஸில் உட்கார்ந்து புதிதாக வருகிறவர்களுக்குச் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுக்கட்டும், பாதிச் சம்பளம், அடுத்த பரிசோதனையில் டாக்டர் சரி என்றால் காரைத் தருகிறேன் என்றார். அது போதும் என்று வந்துவிட்டோம். போதாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா வேலை முடிந்து வந்தாள். கேட்டாள். அழுவாளோ, சிரிப்பாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்த்தபடி நின்றாள். பாதி பிரெட், இரண்டு பெட்டி கேக், அந்தச் சூப் பொடி.

"இனிமே இதையெல்லாம் யாரு சாப்பிடுறது?" என்றாள். கேட்டவுடனேயே அப்படிக் கேட்டதற்காக அவளுக்கே முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் கேள்வி கேள்விதானே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு ரெண்டாவது துண்டுக்கு மேல இறங்காது" என்றேன்.

"பிடிக்காதது வேற சித்தி, ஆகாதது வேற" என்றான் சின்னவன். அந்த நேரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானுக்கு வரவில்லை. கேக் பெட்டிகளையும் பிரெட்டையும் எடுத்துக்கொண்டு போய் மாடியில் என் அறை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். கை கழுவினார். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினார்.

அன்று மாலை பானைச் சோறு ஐந்து பேருக்குப் போதவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அத்தான் பிரெட் பொட்டலத்தைப் பிரிப்பார். இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றார். அவருடைய தட்டு காலியாக இருந்தது. பெரியவள் தன் தட்டிலிருந்த இரண்டு ரொட்டிகளில் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"உக்காருங்கப்பா. இது நமக்கு ஆகும்."

அவர் உட்கார்ந்தார். பிட்டு வாயில் போட்டார். தினமும் அவர் கையால் தட்டிச் சுட்டதுதான். ஆனால் சுடும்போது ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பது வேறு, அதையே சாப்பாடாகச் சாப்பிடுவது வேறு. மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பொடிப் பொடியாக உதிர்ந்து வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. தண்ணீரைக் குடித்து விழுங்கினார்.

"தொண்டையில இறங்கவே மாட்டேங்குதே" என்றார். "இதையா இத்தன வருஷமா சாப்பிடுற? ஒரு நாள்கூட நல்லால்லன்னு நீ சொன்னதில்லையேம்மா."

"சொன்னா இன்னும் விலை கூடின மாவு வாங்குவீங்க" என்றாள் பெரியவள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வருத்தப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"முதல்ல கொஞ்ச நாள்தான்பா. மத்தவங்க சாப்பிடுறதப் பாத்தா அழுகை வரும். பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதா வெளிய கேக்காது. அப்புறம் பழகிடும்."

அக்காவின் கை தட்டில் அப்படியே நின்றது. சின்னவன் பால் டம்ளரை மேஜைமேல் வைத்தான். என் நாக்கு நுனியில் இருந்ததை நான் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அத்தான் மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்த மீதி ரொட்டியை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார்.